தீராத இடுப்பு வலிக்கு மாற்று மருத்துவம் எது? கூடவே, வார்டு சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம். சேலத்துக்காரர்கள் யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள். எனக்கு 43 வயது, வெள்ளிக் கொலுசு வேலை. காலையில் சம்மணம் போட்டுக் குனிந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவது. இடுப்பு வலி வந்து வருடம் இரண்டு தாண்டிவிட்டது. வலது பின்னந்தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (கீழ் இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதாம்) என்று போட்டிருக்கிறார்கள். எலும்பு டாக்டர், "ஆபரேஷன் தேவையில்லை, குனிந்து வேலை செய்யாதீர்கள்" என்றார். குனியாமல் கொலுசு எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. பெல்ட் கட்டினால் கட்டியிருக்கும் வரை சரி. இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பட்டறையில் ஒருவர் வர்மம் என்கிறார். மாமனார் புத்தூர் கட்டு என்கிறார் (அது எலும்பு முறிவுக்கு இல்லையா?). மச்சான் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கழுத்தைத் திருகி டக்கென்று சத்தம் வரவைக்கும் ஆளிடம் கூட்டிப்போகத் துடிக்கிறான். எதில் காசு போடலாம், எதில் போடக் கூடாது?

இன்னொன்று. போன மாதம் வலி உச்சத்துக்குப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ராத்திரி பாத்ரூம் போக, மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே நிமிரப் பார்த்து அலறிவிட்டேன். நைட் சிஸ்டர் ஓடி வந்தார். தூக்கிவிடுவார் என்று கையை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. "ரெண்டு முட்டியையும் மடக்குங்கண்ணா. இப்ப தோள், இடுப்பு, முட்டி எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து என் பக்கம் திரும்பணும். அப்படித்தான். காலைக் கட்டிலுக்கு வெளிய விடுங்க. கால் கீழ இறங்கும்போதே முழங்கையை ஊன்றி எழுந்திருங்க" என்றார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வலித்தது, ஆனால் அலறவில்லை. இன்றுவரை தினமும் அப்படித்தான் எழுகிறேன். ஸ்கேனுக்குக் கொடுத்த பணத்தில் கிடைக்காத நிம்மதி அதில் கிடைத்தது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சால்வையா, ஸ்வீட்டா? பணம் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம்.

---

நொச்சித்தழை (ஆத்தூர்)

அண்ணா, முதலில் நொச்சி. வேலி ஓரத்திலேயே கிடைக்கும். ஒரு கொத்துத் தழையைப் போட்டுக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் இடுப்பில் ஊற்றிக் குளியுங்கள். கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம். வாரம் ஒருநாள் உளுந்தங்களி, நல்லெண்ணெய் குழி நிறைய. எங்கள் பாட்டி எண்பது வயது வரை நெல் புடைத்தது இதில்தான்.

அப்புறம், கால் முன்னால் வந்து பிறந்தவர் யாராவது தெரிந்தால் இடுப்பில் மிதிக்கச் சொல்லுங்கள். பிடிப்பு விட்டுவிடும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்கள் குப்புறப் படுத்து வரிசையில் காத்திருப்பார்கள்.

---

இயன்முறை (அழகாபுரம்)

நான் பிசியோதெரபிஸ்ட். களி சாப்பிடுங்கள், ஒற்றடம் கொடுங்கள், நல்லதுதான். மிதிக்க மட்டும் விடாதீர்கள். எலும்பு தேய்ந்த வயதானவர் முதுகில் ஒருவர் ஏறி நின்றால் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

பயப்பட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போவது. மலம் அடக்க முடியாமல் போவது. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. எண்ணெய்க்கும் ஊசிக்கும் அங்கே வேலை இல்லை, மணிக்கணக்கு முக்கியம். சாயங்காலமானால் காய்ச்சல், எடை இறங்குவது, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி என்றால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அதை 'வாயு' என்று சொல்லி மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துவிட்டு, கால் விழுந்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக வரும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஸ்கேன் தாளை மடித்து பீரோவில் வையுங்கள். 2015இல் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும் நாற்பது வயதில் பாதிப் பேருக்கும் எண்பதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. உங்கள் வயதில் தெருவில் போகும் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் சங்கதி அது. வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் "டிஸ்க் விலகிடுச்சு, வாழ்க்கை முடிஞ்சுது" என்று உட்கார்ந்துவிடுவது பல்ஜை விட மோசம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, மசாஜ், கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை, அக்குபஞ்சர் ஆகியவை செய்யலாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோலில் ஒட்டிக் கொடுக்கும் டென்ஸ் கரண்ட் ஆகியவை வேண்டாம் என்ற பக்கத்தில். நம் ஊர் சென்டர்களில் பத்து நாள் பேக்கேஜ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வேண்டாத பக்கம்தான். என் தொழில்காரர்களே என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

---

நாட்டுமருந்து

செய்யலாம் பட்டியலில் மசாஜும் அக்குபஞ்சரும் இருக்கிறதே! பிறகு எதற்கு அலோபதிக்காரர்கள் கேலி செய்கிறார்கள்?

---

இயன்முறை

பட்டியலில் இருப்பதும் பெரிதாகக் குணப்படுத்துவதும் ஒன்றில்லைங்க. அங்கே 'நிபந்தனையுடன்' என்று போட்டிருக்கிறார்கள். ஆதாரம் வலுவில்லை, ஆனால் ஆபத்தும் குறைவு, ஆகவே விரும்பினால் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. அக்குபஞ்சரைப் பற்றி 2020இல் வந்த காக்ரேன் (பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் அமைப்பு) மீளாய்வில், உண்மையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் நோயாளி உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களை விட ஊசி போட்டவர்கள் கொஞ்சம் தேவலை. அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும் ஒருவர் அக்கறையாகக் கேட்பதும்கூட மருந்துதான்.

இப்போது சேலத்தில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு வைத்தியம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தொட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் சிலர் அதோடு "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

---

ஒரேடக்

கொலுசு அண்ணா, உங்கள் மச்சான் சொன்னதில் தப்பில்லை. நான் போனேன். மூன்று இடத்தில் டக் டக் என்றது. விலகின எலும்பு அப்படியே உட்கார்ந்தது. இறங்கி ஓடினேன்.

---

இயன்முறை

அந்தச் சத்தம் எலும்பு உட்காரும் சத்தம் இல்லை தம்பி. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் காற்றுக்குமிழி உண்டாகும் சத்தம். விரலைச் சொடுக்குவதும் அதேதான். இடுப்பில் பயிற்சி பெற்றவர் செய்தால் சிலருக்குக் கொஞ்ச நாள் நிவாரணம் கிடைக்கும். கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. வீடியோவில் அந்தப் பகுதியைப் போட மாட்டார்கள்.

---

தொக்கணம் (தாரமங்கலம்)

பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர். மேலே பேசியவர்கள் எங்களை விட்டுவிட்டு எங்கள் வைத்தியத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் வந்தேன்.

மசாஜ் என்று பொதுவாகச் சொல்கிறோம். சித்தத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை. எல்லாருக்கும் எல்லாம் இல்லை. தொடை வழியாக நரம்பு வலி இறங்குகிறவருக்கு முறுக்கலும் இழுத்தலும் செய்து வலியைக் கூட்டி அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். காய்ச்சல், வீக்கம், கர்ப்பம் இருந்தால் கை வைக்கக் கூடாது.

ஆயுர்வேதத்தில் கடிவஸ்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பில் வட்டமாகக் கரை கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி அரைமணி போல நிறுத்துவது. ஆற ஆற எடுத்துச் சூடான எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சுகமாக இருக்கும். இறுகின தசை தளரும். எண்ணெய் உள்ளே போய் டிஸ்க்கைத் தள்ளி வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே அப்படிச் சொல்ல மாட்டேன். தசை தளர்ந்த அந்த நேரத்தை நடக்கவும் பயிற்சி செய்யவும் பயன்படுத்தினால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன்.

ஒரு எச்சரிக்கை. லேபிள் இல்லாத பொடி, பெயர் சொல்லாத சூரணம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரண்டே வேளையில் வலி மாயமாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சில மாதத்தில் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பற்பம், செந்தூரம் எல்லாம் உலோகம் சேர்ந்த மருந்துகள். பதிவு பெற்ற மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தொடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லாமல் அங்கேயே காட்டலாம். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குத்தான், உங்கள் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்.

---

மலைக்காற்று (ஏற்காடு)

மசாஜுக்கு என்று ஏற்காட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, முதுகைப் பிடித்துவிடச் சொல்லி, மறுபடியும் பைக்கில் அதே 20 வளைவு குலுங்கிக்கொண்டு இறங்குவார்கள். எந்தத் தைலம் தாங்கும்?

என் அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்கும் சீசன். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு கிளையை வளைத்துப் பறிக்க வேண்டும். பை நிறைய நிறைய முன்பக்கம் இழுக்கும். வலிக்கு ஒரு துண்டை இறுக்கிக் கட்டுவார்கள், அவ்வளவுதான் வைத்தியம். வலி என்று சொன்னால் மறுநாள் கூலி போய்விடும்.

இப்போது அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்துப்போகும். உட்கார்ந்தால், அல்லது முன்னால் சாய்ந்து எதையாவது பிடித்துக்கொண்டால் சரியாகும். வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கினார்களே, அதில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தோம். பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார். இது நரம்பு போகும் குழாய் சுருங்கியதால் வருவது, அம்மா பின்னால் வளையும் பயிற்சி செய்யக் கூடாது, குனிந்து செய்வதுதான் சரி என்று அவர்தான் சொன்னார். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு யூடியூப் பார்த்து நாங்கள் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர்.

அதே திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கு ஒரு நர்ஸ் வருகிறார். எங்கள் வீட்டுக்கு மேலே படுத்த படுக்கையாக ஒரு தாத்தா. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மழையில் அந்த நர்ஸ் பையை நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறி வருவார். படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டுவார். வீட்டில் எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நிற்போம். அவர் தாத்தாவிடம் "இன்னைக்கு ரேடியோ கேட்கலையா?" என்று பேசிக்கொண்டே செய்வார். சால்வை போட ஆசைப்பட்டால் இவர்களுக்குப் போடுங்கள்.

---

ஜங்ஷன்காரன் (சூரமங்கலம்)

நடுவில் எதிர்ப்பேச்சு பேசுவதற்கு மன்னிக்கவும். சிஸ்டர்கள் எல்லாரும் தேவதைகள் இல்லை. என் அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சலைன் தீர்ந்துவிட்டது என்று சொல்லப் போனால், "தெரியும், போய் உட்காருங்க" என்று ஒரு அதட்டல். யூரின் பையை மாற்ற மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. செவிலியர் தினம் என்று மே மாதம் கேக் வெட்டி மெழுகுவர்த்தி பிடித்துப் படம் போடுகிறார்கள், சரி. நோயாளியிடம் கொஞ்சம் சிரித்தால் என்ன?

---

நைட்டியூட்டி (அயோத்தியாப்பட்டணம்)

ஜங்ஷன் அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் கோபம் நியாயம்தான். அதட்டுவது தப்பு, அதற்குச் சாக்கு சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று முறை கூப்பிட்ட நேரத்தில் வார்டின் மறு கோடியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

பக்கவாத நோயாளி. எழுபது கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவில்லை என்றால் முதுகில் புண் வந்துவிடும். அவர் உடம்புக்கு அடியில் குறுக்காக ஒரு டிரா ஷீட் விரித்திருப்போம். அதன் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டி இறுக்கமாகச் சுருட்டி இரண்டு கையிலும் பிடிக்க வேண்டும். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, நம் எடையை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றும்போதே ஷீட்டை இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருவர் அதே நேரத்தில் தள்ள வேண்டும். முதுகில் அடிபட்டவர் என்றால் மரக்கட்டையை உருட்டுவது போலத் தலை முதல் கால் வரை ஒரே வாக்கில் திருப்ப வேண்டும், அதற்கு மூன்று நான்கு பேர் வேண்டும். இப்படித்தான் படித்தோம். பரீட்சையிலும் எழுதினோம்.

வார்டில் என்ன நடக்கும் தெரியுமா? கட்டிலின் உயரத்தை மாற்றும் கைப்பிடி துருப்பிடித்துச் சுற்றாது. அட்டெண்டர் அண்ணனைக் கேஷுவாலிட்டியில் கூப்பிட்டிருப்பார்கள். நான் தனியாகக் கட்டில் விளிம்பில் ஒரு முட்டியை ஊன்றி, குனிந்து இழுப்பேன். அந்த நேரத்தில்தான் இடுப்பில் சுருக்கென்று பிடிக்கும். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கருவி வேண்டும். பதினாறு கிலோ! இங்கே ஒருவரின் இரண்டு காலே அதைத் தாண்டிவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, கல்லூரி மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். நீங்கள் அடுத்த முறை போகும்போது ராத்திரி வார்டில் எண்ணிப் பாருங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்தவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம். 7,700 ரூபாயில் தொடங்கி, 14,000 ஆகி, போராடிப் போராடி 18,000 ஆனது. நிரந்தரம் எப்போது என்று கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். தனியார் மருத்துவமனைகளில் இதை விடக் குறைவாக வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இடுப்பு வலி இல்லாத சீனியர் சிஸ்டரை நான் பார்த்ததில்லை. மாத்திரை டிரேயைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருப்பார்கள், கவனியுங்கள். எனக்கும் உண்டு. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் நொச்சி வெந்நீர்தான் (ஆத்தூர்க்காரருக்கு நன்றி). ஆனால் உண்மையில் என்னை ஓடவைப்பது குப்புறப் படுத்துக் கையூன்றி மார்பை உயர்த்தும் பயிற்சியும், பஸ் ஸ்டாண்டு வரை நடப்பதும்தான்.

---

ஜங்ஷன்காரன்

நீங்கள் சொல்வது புரிகிறது சிஸ்டர். ஆனால் ஆள் குறைவு என்பதற்கு நிர்வாகத்திடம்தானே கோபப்பட வேண்டும்? அது எங்கள் அப்பா மேல் ஏன் விழுகிறது? இதில் நான் மாறப் போவதில்லை.

---

நைட்டியூட்டி

மாற வேண்டாம் அண்ணா. அதே கேள்வியை எழுதி நிர்வாகத்துக்குக் கொடுங்கள். நாங்கள் கேட்டால் மெமோ வரும். நீங்கள் கேட்டால் புகார் எண் வரும்.

---

பென்ஷன்வாத்தியார் (ஓமலூர்)

செவிலியர் தினம் மே 12 என்பது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், 1820. விளக்கேந்திய பெண்மணி என்று பாடப் புத்தகத்தில் நடத்தியிருக்கிறேன். பாடத்தில் வராத ஒன்று உண்டு: அந்த அம்மாவுக்கும் தீராத முதுகுத்தண்டு வலி. கிரிமியப் போரில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பிறகு, 1857 முதல் பல வருடம் பெரும்பாலும் படுக்கையில்தான். போர்க்களத்தில் வந்த காய்ச்சல் புருசெல்லோசிஸாக இருக்கலாம், அதுதான் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். காய்ச்சாத பாலில் பரவும் நோய் அது. ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால் பலம் என்று சொல்பவர்கள் நம் பக்கமும் உண்டு, ஆகவே சொல்லிவைக்கிறேன். மருத்துவமனைச் சீர்திருத்தம், புள்ளிவிவரம் என்று அவர் எழுதித் தள்ளியதில் பெரும்பகுதி அந்தக் கட்டிலில் இருந்துதான்.

எனக்கும் பழைய இடுப்பு வலி. ஏரிக்கரையில் தினமும் நடக்கிறேன். நடந்தால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் சண்டை. யாராவது எனக்கு ஆதரவாக ஒரு வரி எழுதினால் காட்டுவேன்.

---

இயன்முறை

ஐயா, இதைக் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பேரைப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். வாரம் ஐந்து நாள், அரைமணி வரை என்பது இலக்கு. நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. சும்மா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். தேயவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. செலவு ஒரு ஜோடி செருப்பு.

---

கொலுசுப்பட்டறை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. டக் டக் ஆளுக்கு நாங்கள் வாங்கிவைத்த தேதியை ரத்து செய்துவிட்டேன். மச்சான் பேசுவதில்லை, பேசுவான். அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் ஒருமுறை காட்டிவிட்டு, எண்ணெயும் நடையும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நடப்பதெல்லாம் சரி. பட்டறையில் என்ன செய்வது? வேலையை விட முடியாது. குப்புறப் படுக்கும் பயிற்சி எனக்கு ஆகுமா?

---

இயன்முறை

நேரில் பார்க்காமல் முழுதாகச் சொல்ல மாட்டேன். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிச் சில நிமிடம் இருந்து பாருங்கள். தொடை வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, தொடரலாம். வலி காலில் கீழே கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். நியூசிலாந்தின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1956இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துக் காத்திருந்தார், எழுந்தபோது கால் வலி போயிருந்தது.

பட்டறைக்கு: பலகைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம்தான் உங்களைக் குனியவைக்கிறது. வேலைப் பலகையை அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். தரையில் நேராக உட்காராமல் ஒரு மனைக்கட்டையைப் போட்டு அதன் மேல் உட்காருங்கள், இடுப்பு முட்டியை விட உயரமாக வரும். குனிவது விஷம் இல்லை. ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதுதான் தொல்லை. ஒரு ஜோடிக் கொலுசு முடிந்ததும் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் வளைந்துவிட்டு உட்காருங்கள். முதலாளி கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

---

கொலுசுப்பட்டறை

முதலாளி என் பெரியப்பாதான், பரவாயில்லை. சிஸ்டருக்கு என்ன செய்வது என்று யாருமே சொல்லவில்லையே? நைட்டியூட்டி அக்கா, நீங்களே சொல்லுங்கள்.

---

நைட்டியூட்டி

பணம் வேண்டாம், எங்களுக்குச் சிக்கல். சால்வையை மடித்து பீரோவில் வைப்போம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 'நல்ல கவனிப்பு' என்று பொதுவாக எழுதாமல், எந்த வார்டு, என்ன தேதி, எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தது எப்படி என்று இங்கே எழுதியதை அப்படியே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தேதியை வைத்து டியூட்டி லிஸ்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களைப் பற்றி எழுத்தில் வருவது பெரும்பாலும் புகார் மட்டும்தான்.

அடுத்த முறை யாரையாவது பார்க்க வார்டுக்குப் போனால், நோயாளியைப் புரட்டும்போது வெளியே போகாமல் எதிர்ப்பக்கம் நின்று ஷீட்டைப் பிடியுங்கள். எப்படிப் பிடிப்பது என்று சிஸ்டரிடமே கேளுங்கள், சொல்லித்தருவார்.

சாப்பிட ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்வீட் வேண்டாம், பாதிப் பேருக்கு சுகர். நம் ஊர் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு ராத்திரி டியூட்டி ஆரம்பிக்கும் நேரத்தில் போங்கள். வாட்ச்மேன் அண்ணனுக்கும் சேர்த்து வாங்குங்கள். சட்னியும் காய்த்துருவலும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். நாங்கள் சாப்பிட உட்கார எப்படியும் பன்னிரண்டு ஆகிவிடும், அதுவரை தட்டுவடை நமுத்துப் போகக் கூடாது.